கணவர் இறந்தபின் சேமநிதிப் பணம் யார் கைக்குப் போகும்?

சமூகத் தலைப்புகளில் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும், வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்காமல் தள்ளிப்போடும் ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இறந்தால், அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதாமாதம் வரும். தேக்காவில் காய்கறி வாங்கப் போகும் நம்மூர்ப் பெரியவர்கள் பலரும் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லீங்க. 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதி ஒருவருடைய சொந்தச் சேமிப்பு. அவர் போனபின் மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒரே தொகையாக வெளியே வரும். 2009இல் வந்த 'சிபிஎஃப் லைஃப்' திட்டத்திலும் இதே கதைதான். கணவருக்கு வந்துகொண்டிருந்த மாதத் தொகை அவரோடு நின்றுவிடும். மனைவி பெயருக்கு மாறாது. அவர் கட்டிய சந்தாவில் மீதி இருந்தால் அது குடும்பத்துக்கு வரும். கட்டியது 200,000 வெள்ளி, வாங்கியது 60,000 வெள்ளி என்றால் மீதி 140,000 வெள்ளி.

யாருக்கு வரும் என்பதில்தான் சிக்கல். "உயில் எழுதியாச்சு, போதும்" என்பார்கள். போதாது. சேமநிதிப் பணத்தை உயில் கட்டுப்படுத்தாது. அதற்குத் தனியாக 'நியமனம்' செய்ய வேண்டும். மாணவர்கள் இங்கே இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'வாரிசு' என்பது சட்டமும் உறவும் காட்டும் ஆள். 'நியமனதாரர்' என்பது நீங்களே பெயர் எழுதிக் கொடுத்த ஆள். இருவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்ததும் அம்மா பெயரில் நியமனம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கல்யாணம். திருமணம் ஆன அன்றே பழைய நியமனம் ரத்தாகிவிடும். புதிதாக எழுதாமலே அவர் இறந்துவிட்டால், பணம் பப்ளிக் டிரஸ்டி எனப்படும் பொது அறங்காவலரிடம் போகும். அவர் சட்டப்படி பங்கு பிரிப்பார். அதற்குக் கட்டணமும் உண்டு. 120,000 வெள்ளி இருந்து, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால், கட்டணம் போக ஏறத்தாழ மனைவிக்கு 60,000, பிள்ளைகளுக்குத் தலா 30,000. பிள்ளை இல்லை, பெற்றோர் உண்டு என்றால் பாதி மனைவிக்கு, பாதி பெற்றோருக்கு. முஸ்லிம் குடும்பங்களுக்கு இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பங்கீடு நடக்கும்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. திருமணம் நியமனத்தை ரத்துச் செய்யும், விவாகரத்து செய்யாது! பிரிந்துபோன துணையின் பெயர் அப்படியே இருந்தால், பணம் அவருக்கே போகும். கூட இருந்து பார்த்துக்கொண்ட பிள்ளைக்குச் சல்லிக்காசு கிடைக்காமல் போகலாம்.

நியமனம் செய்வது பெரிய வேலையா? இல்லை. சிங்பாஸ் இருந்தால் இணையத்திலேயே முடித்துவிடலாம். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்க முடியாது. கையில் மொத்தமாகப் பணம் வந்தால் கரைந்துவிடும் என்று பயந்தால், அது மனைவியின் சேமநிதிக் கணக்குக்கே போய்ச் சேரும்படி எழுதும் வகையும் இருக்கிறது. அதிகம் பேர் அறியாதது இது.

நியமனத்துக்குள் அடங்காதவையும் உள்ளன. சேமநிதியில் வாங்கிய வீடு அதில் வராது. கணவன் மனைவி கூட்டு உரிமையில் வாங்கியிருந்தால் வீடு உயிரோடிருப்பவருக்குப் போகும். கழக வீட்டுக் கடனுக்கு வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் எடுத்திருந்தால் காப்புறுதி கொடுத்த அளவுக்குக் கடனும் அடைபடும். சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டமும் தனி. 60 வயதுக்குள் இறந்தால் அதில் 70,000 வெள்ளி வரை கிடைக்கும். அதற்கான நியமனத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம்தான் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் நாம் பார்க்கும் ஒர்க் பெர்மிட் ஊழியர்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். வேலையிட விபத்தில் அவர்களில் ஒருவர் இறந்தால், ஊரிலிருக்கும் மனைவி வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரலாம். ஓராண்டுக்குள் கோர வேண்டும்.