கடக்க வேண்டியது சில நிமிடங்கள்

பதினாறு வயதுப் பிள்ளை சில நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. ராத்திரி தூங்குவதில்லை, யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறது. அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு திகில் ஓடுகிறது. ஆனால் வாய்விட்டுக் கேட்கத் தயக்கம். ‘இல்லாத நினைப்பை நாமே புள்ள மனசுல விதைச்சிட்டா என்ன பண்றது?’ இந்தத் தயக்கம் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் உண்டு. ஆசிரியர்களுக்கும் உண்டு.

இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை மேடலின் கௌல்டு குழுவினர் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கொடுத்த வினாத்தாளில் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள் இருந்தன, இன்னொரு பிரிவுக்கு இல்லை. இரண்டு நாள் கழித்து இரு பிரிவினரிடமும் விசாரித்தபோது, கேள்வியைச் சந்தித்த பிள்ளைகளுக்கு மன உளைச்சல் கூடியிருக்கவில்லை. அப்படியொரு எண்ணமும் புதிதாக முளைத்திருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும், முன்பு முயன்று பிழைத்தவர்களுக்கும் கேள்வி கொஞ்சம் ஆறுதலாகவே இருந்ததற்கான அறிகுறி தெரிந்தது. 2005-இல் வெளியான ஆய்வு இது. இருபது ஆண்டுகள் ஆகியும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே, கேட்கலாம். சுற்றி வளைக்காமல் கேட்பதே நல்லது. ‘கண்ணா, செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?’ பதில் ‘ஆமா’ என்று வந்தால் அலறவோ அழவோ கூடாது. ‘உனக்கு என்ன குறை வெச்சோம்?’ என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. அந்த ஒரு வார்த்தையோடு பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ‘என்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு, எப்போலேர்ந்து இப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, அது சொல்வதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்தால் போதும். தனியாக விடக் கூடாது.

பக்கத்தில் இருப்பதற்கு ஏன் இத்தனை மதிப்பு? விடலைப் பருவத்து மூளையில் உணர்ச்சியைக் கிளப்பும் பகுதிகள் முன்பே வேகம் பிடித்துவிடுகின்றன. பொறுமையையும் பின்விளைவைப் பற்றிய யோசனையையும் ஆளும் முன்நெற்றிப் புறணி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. மார்க், காதல், நண்பர்கள் முன்னால் பட்ட அவமானம் எதுவானாலும் அந்த வயதில் உலகமே முடிந்துபோனது போலத் தெரிவது நடிப்பில்லை. அதேசமயம், உச்சத்துக்கு ஏறும் அந்த அலை இறங்கவும் செய்கிறது. முயன்று பிழைத்தவர்களிடம் பல நாடுகளில் கேட்டபோது, முடிவெடுத்ததற்கும் செயலுக்கும் இடையே சில நிமிடங்களே இருந்ததாகக் கணிசமானோர் சொல்லியிருக்கிறார்கள். பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்தச் சில நிமிடங்களில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே பல உயிர்கள் தங்கியிருக்கின்றன.

இதற்கு உலகத்துக்கே சான்றாக இருப்பது இலங்கை. 1995 வாக்கில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்துகொண்டிருந்தார்கள். அன்று உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளை அந்நாடு 1980-களில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. விளைச்சல் குறையவில்லை. இதில் நம் கவனத்துக்குரியது வேறொன்று: முயன்றவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையவே இல்லை. துயரம் இருந்தது, வறுமையும் குடும்பச் சண்டையும் இருந்தன, ஆனால் பிழைத்தவர்கள் கூடினார்கள். தமிழ்நாட்டில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பூட்டுப் போட்ட பொது அறையில் வைத்துப் பார்த்ததற்குப் பின்னாலும் இதே அறிவு இருக்கிறது. வயல் இருக்கும் வீடானால் மருந்தைப் பிள்ளைக்குத் தெரியாத இடத்தில் பூட்டி வையுங்கள். வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் மாத்திரைப் பெட்டிக்கும் அதே கவனம் வேண்டும்.

நேரம் வாங்கித் தருவதற்கு அரசாங்கமும் வழி செய்யலாம். பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஒரு வருடமே போனது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. உடனடித் துணைத் தேர்வு வந்த பிறகு, தோற்ற பிள்ளை சில வாரங்களில் மறுபடி எழுதி அதே ஆண்டிலேயே கல்லூரிக்குப் போகலாம் என்றானது. 2017-இல் பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் தமிழக அரசு நிறுத்தியது. இவற்றைத் தேர்வுச் சீர்திருத்தம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறோம். நான் இவற்றை மனநலத் திட்டங்களின் வரிசையில்தான் வைப்பேன். தேர்வு முடிவு வரும் முன்பே, ‘ஃபெயிலானா துணைத்தேர்வு இருக்கு, சேர்ந்து அப்ளை பண்ணலாம்’ என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் இதில் சேர்த்தி.

பள்ளிக்கூடம் என்ன செய்யலாம்? பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில், 13,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடையே ‘சேஹெர்’ என்ற திட்டம் நடந்தது. சில பள்ளிகளில் அதை ஆசிரியர்களே நடத்தினார்கள். சிலவற்றில் உளவியல் பட்டம் ஏதுமில்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர் ஒருவர் நடத்தினார். மாணவர்கள் பெயர் போடாமல் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, மாணவர் குழுக்கள், தனியே வந்து பேச ஓர் ஆள் என்று எளிய ஏற்பாடுகள்தான். 2018-இல் வெளியான முடிவின்படி, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் ஒருவரை ஒருவர் சீண்டித் துன்புறுத்துவதும் குறைந்தன, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடந்த ஆய்விலும் இதே சாயல் இருந்தது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததில் பெரிய பலன் இல்லை. பிள்ளைகளே மனநலம் பற்றிப் பேசி, நடித்துப் பழகிய பள்ளிகளில் ஓராண்டுக்குள் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகின. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. மார்க் போடுகிறவரிடமும் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடமும் ஒரு பிள்ளை எதைத் திறந்து சொல்லும்? ஒவ்வொரு பள்ளியிலும் அந்த அதிகாரம் இல்லாத ஒரு மனிதர் வேண்டும். பட்டம் பெற்ற உளவியலாளர் கிடைக்கும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதையே நாளந்தா காட்டுகிறது.

ஒரு பிள்ளை முயன்று பிழைத்துவிட்டால் பெரும்பாலான குடும்பங்கள் அதை மூடி மறைக்கின்றன. போலீஸ் கேஸ் ஆகிவிடும், ஊர் பேசும் என்ற பயம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. ஆகவே மருத்துவமனையில் உண்மையைச் சொல்லலாம். உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மீண்டும் முயலும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது அடுத்து வரும் வாரங்களில்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே ஒருமுறை காட்டிவிட்டு நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல் கூட்டிப் போக வேண்டும்.

நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண்ணான 104 ஆகியவற்றில் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. மூன்றையும் வீட்டுச் சுவரிலேயே எழுதி ஒட்டலாம். பிள்ளை மட்டுமல்ல, பயந்துபோய் நிற்கும் அம்மா அப்பாவும் இந்த எண்களைக் கூப்பிட்டு, அடுத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.