லாரி ஏறிய காட்சி

1942 ஜனவரி 31இல் பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்க, ஜொகூர் பாரு ஜப்பானியர் கைக்குப் போயிற்று. தேதியைச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். ஆகவே அக்காலத்தை நடிக்கச் செய்தோம். சாக்குச் சட்டை உடுத்தி, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு 1945இல் வெறுங்காகிதமானதை நடித்தபோது ஒரே சிரிப்பு. அடிக்கும் காட்சியை நாங்களே வேண்டாமென்றோம், அது விளையாட்டாகிவிடும்.

அடுத்து சயாம் ரயில். கூலி தருவதாக ஆசைகாட்டியும், வலுவில் பிடித்தும் தோட்டத்து மக்களைக் கொண்டுபோனார்கள். 1943இல் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பர்மாப் பாதையில், காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் தமிழர் மாண்டார்கள்.

லாரி ஏறிய பையன் கையசைத்தான். தகப்பனை அப்படிப் பறிகொடுத்த முதியவர் ஒருவர் எழுந்து, "கையாட்ட விடலே, கண்ணு" என்றார்.

மறுபடி ஏறியபோது பையன் கையசைக்கவில்லை.