ஒரு சட்டமூலத்தின் பின்னால் போவது எப்படி

2023 செப்டெம்பர் 18ஆம் திகதி இலங்கையின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. நாலரை மாதத்தில் அது சட்டமாகிவிட்டது. இணையத்தில் எதை எழுதலாம், எதை எழுதினால் தண்டனை என்று சொல்கிற சட்டம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்தவர்கள் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். அதைத் திறந்து வாசித்தவர்கள் மிகக் குறைவு. ஆவணங்கள் இணையத்தில் கிடந்தன. எங்கே தொடங்குவது, எதற்கு அடுத்து எதை எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. அந்தச் சட்டமூலத்தையே உதாரணமாக வைத்து அந்த வழியை இங்கே எழுதுகிறேன். நாளைக்கு வரப்போகும் வேறொரு சட்டமூலத்துக்கும் இதே வழிதான்.

முதலில் வர்த்தமானி. பொரளையில் இருக்கும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சட்டமூலங்களுக்கென்று தனிப்பகுதி உண்டு. ஒவ்வொன்றும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று கோப்புகளாகக் கிடைக்கும். தமிழை மட்டும் இறக்கிக்கொண்டு போய்விடாதீர்கள், மூன்றையும் எடுத்து வையுங்கள். ஏன் என்பது கடைசியில் தெரியும். தேடும்போது பெயரில் கவனம் வேண்டும். பத்திரிகைகளில் பலர் இதை 'இணையப் பாதுகாப்புச் சட்டமூலம்' என்றே எழுதினார்கள். உத்தியோகபூர்வப் பெயர் 'நிகழ்நிலைக் காப்பு'. பேச்சுவழக்குப் பெயரை அடித்துத் தேடி, ஒன்றும் வரவில்லையே என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

கோப்பைத் திறந்ததும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். தமிழில் ஒரு வரியைத் தெரிவுசெய்து, பிரதியெடுத்து, வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட். கோப்புக்குள் சொல் தேடலாம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குத் தமிழ் இல்லை. ஒரு வரியையும் தெரிவுசெய்யவே முடியாவிட்டால் அது வெறும் படம். இந்த இடத்தில்தான் எனக்கு மனம் நோகிறது. பார்வையற்ற ஒருவரின் வாசிப்புச் செயலியால் அப்படியான கோப்பை வாசிக்க இயலாது, தேடுபொறியும் அதைக் கண்டுகொள்ளாது. தமிழ்ப் பிரதியை இணையத்தில் ஏற்றிவிட்டோம் என்று கணக்குக் காட்டலாம். தேடுகிறவன் கையில் அது அகப்படாது. பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் உண்டு. மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது அச்சுப்பிரதி. காலி வீதியில் எந்தக் கொமியூனிகேஷன் கடையிலும் எடுக்கலாம். ஓரத்தில் எழுத இடம் விட்டு எடுங்கள்.

இப்போது பாராளுமன்றத்தின் இணையத்தளத்துக்கு வாருங்கள். அங்கே பார்க்க வேண்டியது ஒழுங்குப் பத்திரம், அதாவது அன்றைய அமர்வின் நிகழ்ச்சி நிரல். நமது சட்டமூலம் 2023 ஒக்டோபர் 3ஆம் திகதி சபையில் சமர்ப்பிக்கப்பட்டது. அந்தத் திகதியைக் கொப்பியில் பெரிதாக எழுதுங்கள். ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து மிகச் சில நாட்களுக்குள்தான், அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின்படி, எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றம் போய் அந்தச் சட்டமூலத்தை ஆட்சேபிக்கலாம். மனு போனால் நீதிமன்றம் 3 வாரத்துக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். சட்டம் நிறைவேறிய பிறகு, அது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றத்தில் கேட்க இந்த நாட்டில் இடமில்லை. ஆகையால் வர்த்தமானிக்கும் சமர்ப்பிப்புக்கும் இடையில் கிடைத்த அந்த 15 நாட்கள் வாசிக்கிறவனுக்குப் பெரிய சொத்து. சமர்ப்பித்த பிறகு வாசிக்கத் தொடங்கினால் நாட்கள் போய்விடும்.

புதுக்கடையில் உயர் நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை நீதிமன்றத் தளத்தில் தேடி அலைய வேண்டாம். தீர்மானம் சபாநாயகருக்குப் போகும். அவர் அதைச் சபையில் அறிவிப்பார். அன்றைய ஹன்சாட்டில், அதாவது சபையில் பேசப்பட்டவற்றின் பதிவில், அது அச்சாகும். நமது சட்டமூலத்துக்கு அந்த நாள் 2023 நவம்பர் 7. 31 வாசகங்கள் திருத்தப்பட வேண்டும், திருத்தினால் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பது தீர்மானத்தின் சாரம். அந்த 31 வாசகங்களையும் உங்கள் அச்சுப்பிரதியில் வட்டமிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் மற்ற எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது.

ஹன்சாட்டை முதல்முறை திறக்கிறவர் திகைத்துப் போவார். உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அது பதிவாகும். ஒரே பக்கத்தில் மூன்று எழுத்துகளும் வரும். சபைக்குள் காதுக்கருவியில் மொழிபெயர்ப்புக் கேட்கும். அச்சில் அது இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு, தன்னை ஆளப்போகும் சட்டத்தின் விவாதத்தில் பெரும்பகுதி மூடிய புத்தகம். 225 பேர் கொண்ட சபையின் பேச்சை மூன்று மொழியிலும் தருவது பெரிய வேலை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், எண்ணிம மாற்றம் என்று எதையாவது முதலில் செய்வதென்றால் அதைத்தான் செய்ய வேண்டும் என்பேன்.

முகப்பில் 'பிழை திருத்தப்படாதது' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது முதற்பிரதி. உறுப்பினர்கள் தங்கள் உரையில் திருத்தங்களைக் குறித்து அனுப்ப இரண்டு வாரம் உண்டு, அதன் பிறகே இறுதிப் பதிப்பு. மேற்கோள் காட்டுவதென்றால் எந்தப் பிரதி என்று சொல்லுங்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டசபைக்குத் தெரிவானவர். அந்தச் சபையில் அவர் பேசியதை இன்று நாம் சரிபார்க்க முடிவதும் இப்படியான பதிவுகளால்தான்.

விவாதம் 2024 ஜனவரி 23, 24ஆம் திகதிகளில் நடந்தது. 108 பேர் ஆதரவு, 62 பேர் எதிர்ப்பு. உரைகளை ஆறுதலாக வாசிக்கலாம். முதலில் 24ஆம் திகதி ஹன்சாட்டில், சட்டமூலத்தை வாசகம் வாசகமாக எடுக்கும் குழுநிலைப் பகுதிக்குப் போங்கள். அங்கேதான் திருத்தங்கள் வருகின்றன: இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல்லை நீக்கி இந்தச் சொல்லைச் சேர்க்க. அந்தப் பக்க எண்ணும் வரி எண்ணும் எந்த மொழிப் பிரதிக்குரியவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பிரதிகளிலும் பக்கங்கள் ஒரேமாதிரி ஓடுவதில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் பென்சிலால் உங்கள் பிரதியில் ஏற்றுங்கள். பிறகு முன்பு வட்டமிட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: நீதிமன்றம் கேட்டது வந்திருக்கிறதா?

இந்தக் கேள்விதான் அப்போது நாட்டையே உலுக்கியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன பெப்ரவரி 1ஆம் திகதி சான்றுரைப்படுத்த, அது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமானது. அவருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை மார்ச் 21ஆம் திகதி 75க்கு 117 என்ற வாக்குகளால் தோற்றது. யார் சொன்னது சரி என்பதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். பென்சில் குறித்த பிரதியையும் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்களே தீர்மானிக்கலாம்.

இவ்வளவு பாடும் படத் தேவையில்லாத காலம் எப்போதோ வந்துவிட்டது. ஆபிரிக்கப் பாராளுமன்றங்களுக்காக ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் உருவான 'அகோமா ந்தோசோ' என்ற ஆவண முறை 2018இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. அக்கான் மொழியில் 'இணைந்த இதயங்கள்' என்று பொருள். அதில் ஒவ்வொரு வாசகத்துக்கும் தனி முகவரி உண்டு. எந்தத் திருத்தம் எந்த நாள் எங்கே நுழைந்தது என்று கணினியே காட்டும். தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 13இல் காகிதமில்லா வரவுசெலவுத் திட்டம் வந்தபோது உறுப்பினர்களின் மேசையில் கணினித்திரை வந்தது. திரை வேண்டியதுதான். வாசகங்களுக்கு முகவரி கொடுப்பது அதைவிட முக்கியம்.

ஏதாவது ஆவணம் கிடைக்கவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பாராளுமன்றத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கடைசியாக, சட்டத்தின் இறுதி வாசகங்களுக்கு வாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கே எழுதியிருக்கும். மூன்று கோப்பையும் எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் சிங்கள மொழிமூலம் படித்த ஓர் அக்கா இருக்கிறார். அவர் சிங்களத்தை வாசிக்க, நான் தமிழை வாசிக்க, வாசகம் வாசகமாகப் போனோம். ஒரு பின்னேரம் முழுக்க இருந்தும் பத்தைத் தாண்டவில்லை. மிச்சத்துக்கு அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்.