மீன் வித்தும் விளைவும்

சென்னைக்குத் தென்மேற்கே, திருப்பெரும்புதூருக்கு அணித்தாக உள்ள பழம்பதி மணிமங்கலம். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியை 7ஆம் நூற்றாண்டில் பொருது வென்ற களங்களுள் இவ்வூரும் ஒன்று. இன்று இவ்வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பல ஓங்கி நிற்கின்றன. எனினும், ஊர் ஏரி மழைநீரை ஏந்தும் தன் பழந்தொழிலைக் கைவிடவில்லை.

இத்தகைய ஏரிகள் நிரம்பியதும் மீன்குஞ்சு விடுவதுண்டு. ஏரியில் நீர் நிற்பதோ சில திங்களே. அது வற்றுமுன் மீன் விற்பனைக்கு ஏற்ற எடை பெற்றாக வேண்டும். 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பர். மீனுக்கோ அப்பழமொழி பொருந்தாது. விரலளவுக் குஞ்சைக் கண்டு, அது விரைந்து வளருமா, குன்றுமா என்று எவரும் கூற இயலாது. வலை வீசும் நாளில்தான் உண்மை விளங்கும். அதற்குள் காலமும் பொருளும் கழிந்துவிடும். ஆதலின் குஞ்சின் குலம் அறிதல் இன்றியமையாததாகும்.

ரோகு என்னும் கெண்டை வடநாட்டு ஆறுகளுக்கு உரியது. மழைக்கால வெள்ளத்தில் இனம் பெருக்கும் இம்மீன், தேங்கிய குளத்து நீரில் இயல்பாக முட்டையிடுவதில்லை. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவில் உள்ள அங்குல் என்னும் ஊரில், ஈராலால் சௌதுரி என்னும் அறிஞர், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டை மீனை முட்டையிடச் செய்தார். அதன் பின்னர்ப் பொரிப்பகங்கள் நாடெங்கும் பெருகின.

நன்மையோடு ஓர் இடரும் வந்தது. ஒரு தாய்மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடுவதால், சில தாய்மீன்களே ஒரு பொரிப்பகத்துக்குப் போதும். அவற்றின் வழிவந்த உடன்பிறப்புகளே மீண்டும் இணையுமாயின், குலம் நலிந்து வளர்ச்சி குன்றும். பெருமீன்களைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு எஞ்சிய சிறுமீன்களை வித்துக்கு வைப்பதாலும் இக்கேடு நேரலாம்.

இக்குறையை நீக்க, புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், நார்வே நாட்டு அறிஞர்களின் துணையோடு 1992ஆம் ஆண்டில் ஒரு பணியைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரமபுத்திரா ஆகிய ஆறுகளின் ரோகு மீன்களும், பண்ணையில் வளர்ந்த மீன்களும் அதற்காகத் திரட்டப்பெற்றன.

இவற்றை ஒப்பிடுவது எங்ஙனம்? எருவிட்ட வயலில் ஒரு நெல்லையும், எருவிடாத வயலில் மற்றொரு நெல்லையும் விதைத்து, இரண்டில் எது சிறந்தது என்று கூறுதல் நீதியாகுமா? குளத்துக்குக் குளம் நீரும் இரையும் வேறுபடும். ஆகவே எல்லாக் குலத்து மீன்களையும் ஒரே குளத்தில் வளர்த்தல் வேண்டும். கலந்தபின் இனங்காண்பதற்காக, ஒவ்வொரு குடும்பத்தின் குஞ்சுகளையும் முதலில் தனித்தனியே வளர்த்து, ஓரளவு பெரியவையானதும், அரிசிமணி போன்ற சிறு எண்குறியை அவற்றின் வயிற்றினுள் செலுத்தினர். பின்னர் அனைத்தையும் ஒன்றாக விட்டனர். அறுவடையின்போது ஒரு கருவி எண்ணைக் காட்டிற்று; தராசு எடையைக் காட்டிற்று.

வெவ்வேறு ஆற்றுக் குலங்களைக் கலந்தமையால் மட்டும் பெரும்பயன் விளையவில்லை. நன்கு வளரும் குடும்பங்களைத் தேர்ந்து, தலைமுறைதோறும் அவற்றையே பெற்றோராக்கியதே பயன் தந்தது. வளர்ச்சி தலைமுறைக்குச் சராசரியாக ஏறத்தாழ 17 விழுக்காடு மிகுந்தது. அதாவது, பெற்றோர் தலைமுறை 1,000 கிராம் எடை பெற்ற காலத்தில் அடுத்த தலைமுறை ஏறக்குறைய 1,170 கிராம் பெறும். விடுதலையின் பொன்விழா ஆண்டாகிய 1997இல் வெளியிடப்பெற்றமையால், இக்குலம் 'ஜெயந்தி ரோகு' எனப் பெயர் பெற்றது.

நல்ல குலமும் பேணாவிடின் நிலைக்காது. பொரிப்பகத்தார் உறவில்லாத பல மீன்களைப் பெற்றோராகக் கொள்ளுதல் வேண்டும். ஆறுகளில் வாழும் இயற்கைக் குலங்களையும் அழியாமல் காத்தல் வேண்டும். அவையே நாளைய வித்துக்குக் கருவூலம். குஞ்சு வாங்குவோர் அதன் விலையை மட்டும் கேளாது, அதன் பெற்றோரைப் பற்றியும் கேட்பாராக.