உவர்நீர்ப் பாசனமும் பயிர் விளைச்சலும்: கொக்குவிற் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறெதுவும் இல்லை. கொக்குவிலிலும் அதனைச் சூழ்ந்த வலிகாமத்துத் தோட்டங்களிலும் புகையிலை, மிளகாய், வெண்காயம் ஆகியவற்றுக்குக் கிணறே ஆதாரம். ஆகவே, கிணற்றுநீர் உவராதல் சுவை பற்றிய பிரச்சினை மாத்திரமன்று. கமக்காரரின் வாழ்வு பற்றிய பிரச்சினையுமாகும்.

மயோசீன் காலச் சுண்ணாம்புக் கற்படையில், அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல், நன்னீர் வில்லை வடிவில் மிதக்கின்றது. கைபன்–ஹேர்ஸ்பேர்க் கோட்பாட்டின்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது பரந்திருக்கும். மிகையாக இறைத்து அந்த 1 அடியை இழப்போமாயின், உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழ இடமுண்டு. துலாவினால் இறைத்த காலத்தில் மனித வலுவே எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை அகற்றிவிட்டது.

லீற்றருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை 500 மில்லிமீற்றர் அளவுக்கு இறைத்தால், ஒரு ஹெக்டேயரில் 5 தொன் உப்புச் சேரும். நீர் ஆவியாகும், உப்பு எஞ்சும். மண்கரைசலின் பிரசாரண அமுக்கம் உயர, ஈரமிருந்தும் வேரினால் நீரை எளிதில் உறிஞ்ச இயலாது. சோடியமும் குளோரைட்டும் இலைநுனிகளைக் கருக்கும். சோடியம் மிகுந்தால் களித்துணிக்கைகள் பிரிந்து மண் இறுகும்.

பயிர்கள் யாவும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமன்சைத் தாண்டியதும் வெண்காய விளைச்சல் குறையத் தொடங்கும். அதன்பின் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 16 வீதம் வீழும். மிளகாயின் எல்லை 1.5, பீற்றூட்டின் எல்லை 4. புகையிலையிலோ இழப்பு நிறையில் மாத்திரம் அளக்கப்படுவதன்று. குளோரைட்டு மிகுந்த இலை செவ்வனே எரியாது. சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கொக்குவிலுக்கு இது சிறு செய்தியன்று.

மேலதிக நீர் பாய்ச்சி உப்பைக் கழுவலாம் என்பர். ஆனால், அந்நீரும் அதே கிணற்றினின்றே வரவேண்டும். இறைப்பு மிகுந்தால் உவரும் மிகும். எனவே ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையே மண்ணைக் கழுவவும் நிலத்தடி நீரை நிரப்பவும் வல்லது. குளங்களைத் தூர்வாருதல், தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளைப் பேணுதல், இறைப்பைச் சிறுகச்சிறுகப் பகிர்தல் என்பன இன்றியமையாதவை. காணிகளை வேலி பிரிக்கின்றது. அடியிலுள்ள நன்னீரை எவ்வேலியும் பிரிப்பதில்லை. ஒருவர் மிகையாக இறைக்க, அயலவர் கிணறும் உவராகும். ஆதலின் நீரைப் பொதுச்சொத்தாகக் கொண்டு கூட்டாகக் காப்பதே தீர்வின் தொடக்கமாகும்.