எந்தத் துளியில் இருக்கிறது வைரஸ்?

2014 செப்டம்பர். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் எபோலா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்த அமெரிக்க மருத்துவர் இயன் குரோசியரை அதே நோய் தாக்கியது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக மருத்துவமனையில் உயிருக்குப் போராடி மீண்டார். வீடு திரும்பியபோது அவர் ரத்தத்தில் வைரஸ் இல்லை. சில வாரங்களில் இடது கண் வலித்தது, பார்வை மங்கியது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது. மருத்துவர்கள் மெல்லிய ஊசியால் கண்ணின் உள்நீரைச் சிறிது எடுத்துச் சோதித்தார்கள். எபோலா வைரஸ் உயிரோடு இருந்தது! கண்ணீரில் எடுத்த மாதிரியிலோ அது இல்லை. நீல நிறமாக இருந்த அவருடைய கண் பச்சையாகவும் மாறியிருந்தது. பிறகு பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது.

கண்ணுக்குள் அழற்சி மூண்டால் பார்வையே பறிபோகும் என்பதால், அங்கே நோயெதிர்ப்பு ஆற்றல் அடக்கி வாசிக்கிறது. வைரஸுக்கு அதுவே புகலிடம். அதனால் கண் நோயில் எந்தக் கருவியில் சோதிக்கிறார்கள் என்பதைவிட, எங்கிருந்து, எப்போது, எப்படி மாதிரி எடுக்கிறார்கள் என்பதே முக்கியம்.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது கருவிழிப் புண். ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியில் கிளை கிளையாகப் படரும் புண்ணை உண்டாக்கும். அந்த வடிவம் தெளிவாகத் தெரிந்தால் அனுபவமுள்ள மருத்துவருக்குச் சோதனையே தேவையில்லை. சிக்கல், வடிவம் குழம்பியிருக்கும்போதுதான். வயல்வேலை செய்பவர்களுக்குத் தென்னிந்தியாவில் பூஞ்சைப் புண்ணும் நிறைய வருகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டால் இரண்டுமே முற்றும்.

இப்படி எந்தப் புண் என்று தெரியாதபோது கண்ணை மரத்துப்போகச் செய்து, உருப்பெருக்கியில் பார்த்தபடி சிறு கத்தி முனையால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுப்பார்கள். செத்த திசு நிறைந்த நடுப்பகுதியைவிட, வைரஸ் பெருகும் செல்கள் ஓரத்தில்தான் அதிகம். கொஞ்சத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மீதியை வைரஸைக் காக்கும் திரவத்தில் போட்டுக் குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். பூஞ்சையா என்பது பெரும்பாலும் சில நிமிடங்களில் நுண்ணோக்கியிலேயே தெரிந்துவிடும். பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள் தெரிந்தால் ஹெர்பிஸ் மீது சந்தேகம் வலுக்கும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். புண்ணைப் பார்க்க விடும் ரோஸ் பெங்கால் சாயம் ஹெர்பிஸ் வைரஸையே செயலிழக்க வைக்கும், டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையையும் பாதிக்கும். ஃப்ளூரசின் சாயம், ஒளிரும் எதிர்ப்புப் பொருளை வைத்துச் செய்யும் சோதனையில் பொய்யாக ஒளிரலாம். மாதிரி முதலில், சாயம் பிறகு. அந்த வரிசை தவறினால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்றும், இல்லாமலே ‘இருக்கிறது’ என்றும் முடிவு வரும். மாதிரி எடுக்கும் குச்சிக்கும் கணக்கு உண்டு: மரக்காம்பு வேண்டாம், செயற்கை இழை நல்லது.

முன்பு வைரஸை உயிருள்ள செல்களில் வளர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஹெர்பிஸுக்குச் சில நாள், அடினோ வைரஸுக்குச் சில வாரம்கூட ஆகும். 1983-ல் கேரி முல்லிஸ் உருவாக்கிய பி.சி.ஆர். முறையில் ஒரு டி.என்.ஏ. துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகிறது. கணக்குப்படி 30 சுற்றில் 100 கோடிக்கு மேல்! உள்நீரில் 0.1 மில்லிலிட்டர் போதும் என்றானது இதனால்தான். அந்தக் கூர்மையிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நோயே இல்லாதவர் கண்ணீரிலும் சில நேரம் ஹெர்பிஸ் டி.என்.ஏ. வந்துபோகும். ரத்தப் பரிசோதனையும் இங்கே அதிகம் உதவாது: உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இந்த வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருக்கிறது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருப்பதை வைத்துக் கண்ணில் நோய் என்று சொல்ல முடியாது.

‘மெட்ராஸ் ஐ’ வந்த எல்லோருக்கும் இந்தச் சோதனைகள் தேவையில்லை. பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஊரெங்கும் பரவும்போது சிலரிடம் மட்டும் மாதிரி எடுத்து, காரணம் அடினோ வைரஸா, காக்ஸாக்கி வைரஸா என்று அறிந்தால் போதும்.

அவசரமாகச் சோதிக்க வேண்டியது விழித்திரை அழுகும் நோய். சின்னம்மை, அக்கி உண்டாக்கும் அதே வைரஸ் சில நாட்களில் விழித்திரையை அழித்துவிடும். மருத்துவர் சந்தேகப்பட்டவுடன் உள்நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்குவார். காரணம் சைட்டோமெகலோ என்ற வேறொரு வைரஸ் என்று முடிவு வந்தால் கான்சைக்ளோவிருக்கு மாற்றுவார். அந்த வைரஸிடம் அசைக்ளோவிர் சரியாக வேலை செய்யாது. கண் நோயோடு மருத்துவரிடம் போகும்போது, அதுவரை கண்ணில் விட்ட சொட்டு மருந்துப் புட்டிகள் அத்தனையையும் கையோடு கொண்டுபோவது மருத்துவருக்குப் பேருதவி.