குறிப்பெடுத்த பிள்ளைகள்

1914-ம் வருஷம் மார்ச்சு மாதம் 17-ந் தேதி சென்னைத் துறைமுகத்தை விட்டு 'நெவாஸா' என்னும் கப்பல் புறப்பட்டது. கும்பகோணத்து ஸ்ரீனிவாஸ ராமானுஜன் அதிலே பிரயாணம் செய்தார். அவர் கடல் கடந்தது பணத்துக்காக அல்ல, பட்டத்துக்காகவும் அல்ல. தாம் கண்டது புதியதா, பழையதா, சரியா, பிசகா என்று பக்கத்தில் இருந்து சொல்லக் கூடியவர்கள் அவருக்கு வேண்டியிருந்தது. அவர்கள் கேம்பிரிட்ஜில் இருந்தார்கள். இந்தக் கதையை நாம் வெகு பெருமையுடன் குழந்தைகளுக்குச் சொல்லுகிறோம். அதற்குள்ளே நம் தேசத்துக்கு ஒரு குறையும் அடங்கியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டு விடுகிறோம்.

கணித சாஸ்திரத்துக்குக் காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும் என்பது பொது ஜன அபிப்பிராயம். உண்மை அப்படியல்ல. சங்கீதத்தில் பாடாந்தரம் என்கிறோமே, அது போன்ற ஒன்று கணிதத்திலும் உண்டு. சாகித்யமும் ஸ்வரமும் அச்சிட்ட புத்தகத்தில் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனாலும் குரு பாடக் கேட்டவன் பாட்டுக்கும், புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவன் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் கச்சேரிக்குப் போகிற யாருக்கும் தெரியும். கணித விற்பன்னர் கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசுகிறார். கேட்பவர்கள் இடைமறித்துக் கேள்வி போடுகிறார்கள். அவர் சற்றுத் தயங்குகிறார். தயங்கிய இடத்திலே புது விஷயம் பிறக்கிறது. ஸர்வகலாசாலைகளில் நடக்கும் ஆராய்ச்சிப் பிரசங்கம் என்பதன் உயிர்நிலை இதுதான். இந்தப் பேச்சு நம் நாட்டிலேயே நடக்கும்படி செய்வது எப்படி? சுதந்திரம் வந்த புதிதில் இந்தக் கேள்வியை எடுத்துக் கொண்டவர்களில் முக்கியமானவர் கே. சந்திரசேகரன்.

அவர் மசூலிப்பட்டணத்தில் பிறந்தவர். சென்னை மாகாணக் கல்லூரியில் ஆனந்த ராவிடம் கணிதம் பயின்றவர். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவரை 1949-ல் ஹோமி பாபா பம்பாய்க்கு அழைத்துக் கொண்டார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் அப்போது 'கேட்வே ஆப் இந்தியா'வுக்கு அருகில், வெள்ளைக்காரர்களின் பழைய படகோட்டிகள் சங்கக் கட்டிடத்தில் நடந்து வந்தது. சந்திரசேகரன் ஒரு யுக்தி செய்தார். நம் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கப்பலேற்றி அனுப்புவதற்குப் பதிலாக, உலகத்தின் முதல் தரமான விற்பன்னர்களை வாரக் கணக்கில் இங்கே வந்து தங்கிப் பாடம் சொல்லும்படி வரவழைத்தார்.

இதில் மற்றொரு சூட்சுமமும் இருந்தது. வந்தவர் பேசுவார், மாணவன் ஒருவன் குறிப்பெடுக்க வேண்டும். குறிப்பு என்றால் காதில் விழுந்ததைக் கிறுக்கி வைப்பது அல்ல. பிரசங்கியார் "இது எளிதில் விளங்கும்" என்று கையை வீசி விட்டுப் போய் விடுவார். கணித உலகத்தில் இந்த வார்த்தையைப் போல் ஆபத்தானது வேறு இல்லை! எளிதில் விளங்குவதை விளங்கிக் கொள்ள நாலு இரவு கண் விழிக்க நேரும். அப்படி விழித்து, விட்டுப் போன படிகளை எல்லாம் நிரப்பி எழுதினால், கழகம் அதைப் பிரதிகள் எடுத்து உலகத்து நூல் நிலையங்களுக்கு அனுப்பும். பெரியவர் பெயருக்குக் கீழே குறிப்பெடுத்த பையனின் பெயரும் இருக்கும். பிரஞ்சு தேசத்து லோரான் ஷ்வார்ட்ஸ் வந்தார். 1955-ல் வெளியான அவருடைய பிரசங்கங்களுக்குக் குறிப்பெடுத்தவர் எம். எஸ். நரசிம்மன். வட ஆற்காட்டுத் தண்டரை கிராமத்துப் பிள்ளை. அப்போது வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்றுதான் இருக்கும்.

இந்தப் பிள்ளைகள் பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு பிரஞ்சுப் பாதிரியார் காரணம் என்பதைச் சொல்லியாக வேண்டும். சென்னை லயோலா கல்லூரியில் 1939 முதல் கணிதம் கற்பித்த ராஸீன் என்பவர் அவர். பாரிஸில் எலீ கார்ட்டானிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். பரீட்சைக்கு வேண்டியதோடு நில்லாமல், ஐரோப்பாவில் அன்று நடந்து கொண்டிருந்த புதுக் கணிதத்தின் வாடையையும் சென்னைக்குக் கொண்டு வந்தார். கெட்டிக்காரப் பையன் என்றால் ஸர்க்கார் உத்தியோகம் என்று வீடுகளில் தீர்மானித்திருந்த காலம் அது. அந்தக் காலத்தில் நரசிம்மனையும், காஞ்சீபுரத்தில் பிறந்து செங்கற்பட்டில் வளர்ந்த சி. எஸ். சேஷாத்ரியையும் அவர் ஆராய்ச்சிப் பாதையில் திருப்பினார். இருவரும் 1953-ல் கழகத்தில் சேர்ந்தார்கள்.

சேர்ந்து என்ன சாதித்தார்கள்? 1965-ல் அவர்கள் வெளியிட்ட தேற்றத்தை உலகம் 'நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம்' என்றே வழங்குகிறது. சமையலறை உதாரணம் ஒன்றால் அதன் நிழலையாவது காட்டப் பார்க்கிறேன். இரண்டு மூன்று துளைகள் இட்ட ஒரு வடையை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பில் ஓர் எறும்பு கையில் சிறு கொடியுடன் நடக்கிறது. துளையைப் பிரதட்சிணம் செய்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்போது, கொடி முன் காட்டிய திசையை விட்டுச் சற்றுத் திரும்பியிருக்கிறது. எந்தத் துளையைச் சுற்றினால் எவ்வளவு திரும்பும் என்ற கட்டளைகள் ஒரு பக்கம். மற்றொரு பக்கத்தில், அதே பரப்பின் மேல் சமன்பாடுகளைக் கொண்டு கட்டப்படும் 'கற்றைகள்' என்ற வேறு பொருள்கள். அவற்றில் 'நிலையானவை' என்று ஒரு வகையை 1962-ல் அமெரிக்கரான டேவிட் மம்போர்ட் பிரித்துக் காட்டியிருந்தார். இந்த இரண்டும் வேறு வேறு அல்ல, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கற்றை, ஒவ்வொரு கற்றைக்கும் ஒரு கட்டளை என்று தகுந்த நிபந்தனைகளுடன் நம்மவர் இருவரும் நிரூபித்தார்கள். 1983-ல் இங்கிலாந்தின் டொனால்ட்ஸன் இதற்கு வேறொரு நிரூபணம் கொடுத்தார். பிற்காலத்தில் பௌதிக சாஸ்திரிகளும் இதைத் தேடி வந்தார்கள்.

ஆனால் குறிப்பெடுப்பதையே ஒரு பெரும் வித்தையாக்கியவர் சி. பி. ராமானுஜம். (கும்பகோணத்தாருடன் குழப்பிக் கொள்ள வேண்டாம், இவர் 1938-ல் சென்னையில் பிறந்தவர்.) இவரும் ராஸீன் பாதிரியாரின் மாணாக்கரே, 1957-ல் பம்பாய் சென்றார். மூல நூல்களைப் படிப்பதற்காகவே ஜெர்மன், ருஷ்யன், இத்தாலியன், பிரஞ்சு பாஷைகளைத் தாமே கற்றுக் கொண்டார். 23 என்ற எண்ணைக் கன எண்களின் கூட்டுத் தொகையாக எழுத வேண்டுமானால் இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் ஆக ஒன்பது உறுப்புக்கள் வேண்டும் அல்லவா? இந்த மாதிரிப் பிரச்னையை நாம் அறிந்த எண்களுக்கு அப்பாற்பட்ட எண் மண்டலங்களில் ஆராய்ந்து, ஸீகல் என்ற ஜெர்மானிய மேதை எழுப்பிய கேள்விக்கு விடை கண்டார்.

ருஷ்ய தேசத்து ஷபரேவிச் வந்து பேசியதற்கு ராமானுஜம் எழுதிய குறிப்புக்கள் 1966-ல் வெளியாயின. தம் பிழைகளை இவர் திருத்தியதோடு, பல நிரூபணங்களைப் பூர்த்தி செய்தும் இருக்கிறார் என்று அந்த விருந்தாளியே ஒப்புக் கொண்டார். பிரசங்கியாரைத் திருத்திய சிஷ்யன்! 1967-68-ல் மம்போர்டே நேரில் வந்தார். அந்தப் பிரசங்கங்களிலிருந்து பிறந்து 1970-ல் அச்சான புத்தகம், ராமானுஜத்தின் அனுபந்தத்துடன், இன்றும் அந்தத் துறையில் பிரமாண நூல். இத்தனைக்கும் நடுவில் கொடிய மனநோய் ஒன்று ராமானுஜத்தை வாட்டிக் கொண்டிருந்தது. தமக்குத் தகுதியில்லை என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1974-ல், முப்பத்தாறாவது வயதில், அவர் வாழ்வு முடிந்தது. இத்தாலியில் ஜெனோவா ஸர்வகலாசாலையின் கணித நிலையத்தில் ஒரு மண்டபத்துக்கு அவர் பெயரை இட்டிருக்கிறார்கள். சென்னையில் கணிதம் படித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அவர் பெயர் தெரியுமா என்பது சந்தேகம்.

பம்பாய்க் கழகத்தின் மீது ஒரு குறை சொல்லாமல் இருப்பதற்கில்லை. 1956-லும் 1968-லும் அங்கே சர்வதேச மகாநாடுகள் நடந்தன. குரோதன்டீக் போன்றவர்களின் கட்டுரைகள் அந்த மகாநாட்டுத் தொகுதிகளில் ஏறின. எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கடற்கரை மாளிகைக்கும், ஜில்லாக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் நடுவில் வெகு தூரம் இருந்தது. ஆராய்ச்சி செய்கிறவர் ஓரிடம், இளம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர் வேறிடம் என்று ஆகிவிட்டது. ராஸீன் ஒருவர் லயோலாவில் இருந்ததனால் அல்லவோ பாலம் ஒன்று இருந்தது? எல்லா ஊருக்கும் ராஸீன் எங்கே போவது?

சேஷாத்ரி இதை உணர்ந்திருக்க வேண்டும். 1984-ல் அவர் சென்னைக்குத் திரும்பினார். 1989-ல் சிறிய அளவில் அவர் ஆரம்பித்த கணிதப் பள்ளி பிற்பாடு சென்னைக் கணிதக் கழகமாயிற்று. 1998-ல் பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைகளுக்கே பி.எஸ்ஸி. வகுப்பு தொடங்கியது; ஆராய்ச்சி செய்கிறவர்களே அவர்களுக்கு உபாத்தியாயர்கள். 2005-ல் கழகம் சிறுசேரிக்குக் குடி போயிற்று. மறு வருஷம் ஸர்வகலாசாலைக்கு நிகரான அந்தஸ்தும் கிடைத்தது. கர்நாடக சங்கீதத்தில் நல்ல தேர்ச்சி பெற்றுத் தாமே பாடவும் வல்ல சேஷாத்ரி 2020-ல் காலமானார். நரசிம்மன் அடுத்த வருஷமே தொடர்ந்தார்.

பம்பாயில் எழுதப்பட்ட பழைய குறிப்புக்களைக் கழகத்தார் புதிதாக அச்சுக் கோத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஷ்வார்ட்ஸின் பெயருக்குக் கீழே நரசிம்மனின் பெயரை அங்கே பார்க்கலாம்.